பிளேட்டில் தெரிந்த ஊசி

கரீமுல்லாவின் காலைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவர் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் அந்த வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ஹைகோர்ட் வக்கீல்களில் பாதிப் பேர் அவரிடம்தான் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டார்கள். அளவெடுக்கும்போதே, "வயித்த எக்கிக்கினு நிக்காத சார். கோர்ட்டுல நாள் பூரா எக்கிக்கினேவா நிக்கப் போற?" என்று கேட்டுவிடுவார். வக்கீல் அசட்டுச் சிரிப்பாகச் சிரித்துவிட்டு வயிற்றைத் தளர விடுவார். தோளில் ஒரு சுருக்கம் விழாமல் கோட்டு தைக்க அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை என்பதால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லாதவன் நான் ஒருவன்தான். எதிர் வீட்டுக்காரன், கோட்டுப் போடாதவன். ஆனாலும் தினமும் காலையில் அவர் கடை வாசலில் போய் நின்று அவர் யாரையாவது வைவதைக் கேட்காவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது.

வீட்டின் முன் அறைதான் கடை. ஜன்னலோரம் மூத்தவர் கரீமுல்லாவின் மெஷின். கனத்த கோட்டுத் துணிக்கு. சுவரோரம் தம்பி ஷஃபியுல்லாவின் மெஷின். ஜிப்பா, ரவிக்கை, பாவாடை முதலிய மெல்லிய துணிகளுக்கு. மூத்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது, தம்பிக்கு முப்பத்தெட்டு. நடுவில் பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. உள்ளே மூத்தவர் மனைவி ஹாஜிரா பீயும் தம்பி மனைவி ஷகீலாவும் காஜா எடுப்பார்கள், பட்டன் வைப்பார்கள், ஒரே அடுப்பில் சமைப்பார்கள், அளந்துதான் பேசிக்கொள்வார்கள்.

கடைக்குள் செருப்புக் கூடாது. தரையெல்லாம் வெட்டிய துணி கிடக்கும். அதனால் எல்லோருக்கும் வெறுங்கால்தான். அதனாலேயே கரீமுல்லா ஒரு சட்டம் வைத்திருந்தார். மெஷினில் ஊசி ஒடிந்தால் இரண்டு துண்டையும் தேடி எடுத்து, பொருத்தி, அவர் கண்ணில் காட்ட வேண்டும். நுனித் துண்டு கிடைக்கும்வரை புது ஊசி கிடையாது, வேலை கிடையாது. ஒரு மணி நேரமானாலும் எல்லோரும் மண்டியிட்டுத் தரையைத் தடவ வேண்டும்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு ரம்ஜான் பிறை தெரிந்துவிட்டது. மயிலாப்பூர்க்காரர்களின் பட்டு ரவிக்கைகள் போய்ச் சேருவதற்குள் பெருநாள் ஷெர்வானிகள் வந்து குவிந்தன. வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்தது. சந்தில் முழங்கால் தண்ணீர். கதவைச் சாத்தினால் வெளிச்சம் இல்லை, திறந்தால் சாரல் துணியில் அடிக்கிறது. அந்த அமளியில், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில், ஷஃபியுல்லாவின் மெஷினில் ஊசி ஒடிந்தது. அண்ணன் உள்ளே சாப்பிடப் போயிருந்தார். தலைத் துண்டு கையில் இருந்தது. நுனித் துண்டைக் காணவில்லை. இரண்டு தடவை தரையைத் தடவிப் பார்த்தான். பக்கத்தில் பதினெட்டு ரவிக்கைகள் காத்திருந்தன. தலைத் துண்டை ஜன்னல் வழியே மழைத் தண்ணீரில் எறிந்துவிட்டுப் புது ஊசியை மாட்டிக்கொண்டான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பல வருஷம் கழித்துத்தான் சொன்னான்.

கரீமுல்லாவின் வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஆவணி மாதத்திலிருந்தே ஒரு புண் இருந்தது. முதலில் காய்ப்பாக இருந்ததை அவரே துணிக் கத்தரியால் சீவினார். சீவிய இடம் ஆறவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது சந்துக்கே தெரியும், ஏனென்றால் அதைப் பற்றி யார் பேசினாலும் அவர் வைவார். டாக்டர் சுப்பராமன் என்று கச்சேரி ரோட்டில் ஒருவர் டிஸ்பென்ஸரி வைத்திருந்தார். கரீமுல்லா தைத்த கோட்டைத்தான் அவரும் போட்டுக்கொள்வார். வாயில் இவருக்குக் கொஞ்சமும் இளைத்தவர் இல்லை. புண்ணில் ஈரம் கசிந்து மெஷினின் மிதிபலகையில் கறை படிந்ததைப் பார்த்த ஹாஜிரா பீ அழுது அடம்பிடித்து, தீபாவளிக்கு மறுநாள் அவரை அங்கே அனுப்பினாள். துணைக்கு நானும் ஷஃபியுல்லாவும் போனோம்.

டாக்டர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துப் புண்ணுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. கரீமுல்லாவோ ஜன்னல் திரையைப் பார்த்து, இதற்கு ஓரம் அடித்தவன் எவன், அவன் கையை உடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி உள்ளே எதிலோ முட்டியது. டாக்டர் நிமிர்ந்தார்.

"வலிக்கலையா?"

"இன்னாத்துக்கு வலிக்கணும்? வலி இல்லாத காலுக்கு வைத்தியம் பாக்க இட்டுனு வந்துகிறாங்கோ, அத்த கேளு."

"வலிக்கலேங்கறதுதான்யா வியாதி. சக்கரை உன் கால் நரம்பைத் தின்னுடுத்து. உள்ள ஆணி அடிச்சாலும் உனக்குத் தெரியாது. எனக்கு எலும்பு மேலதான் சந்தேகமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரில எக்ஸ்ரே பிளேட் எடுத்துண்டு வா. நோன்பு கீன்புன்னு பட்டினி கிடக்காதே."

கடைசி வார்த்தைக்குக் கரீமுல்லா கொடுத்த பதிலை எழுத முடியாது. நோன்பு வைத்தார். ஆனால் பிளேட் எடுக்கப் போனார். மூன்றாம் நோன்பு அன்று மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. லஸ்ஸில் டிராம் ஏறினோம். எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவர் யாரையும் வையவில்லை. இருட்டறை, தலைக்கு மேலே பெரிய குழல், காலை வைக்கச் சில்லென்று ஒரு பலகை. "அசையாதே" என்றார்கள். அசையவில்லை. வெளியே வந்ததும் முகம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி ஏற்பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து ஷஃபியுல்லா போய் அதை வாங்கி வந்தான். பிளேட் என்று பெயரே தவிர, அது ஒரு கறுப்பு பிலிம். நேரே டாக்டரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். வழியில் வீடு இருந்ததால் வீட்டுக்குள் நுழைந்தான். கரீமுல்லா அதைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். எலும்புகள் சாம்பல் வெளுப்பாகத் தெரிந்தன. கட்டைவிரல் அடியில், எலும்பைவிட வெளுப்பாக, கோடு கிழித்தாற்போல ஒன்று தெரிந்தது. ஒரு முனை கூர். கூருக்குச் சற்று மேலே ஒரு சின்னத் துளை.

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏதோ இரும்பு என்று நினைத்திருப்பார்கள். நுனியில் காது இருப்பது மெஷின் ஊசிக்குத்தான் என்பது தையல்காரனுக்குத்தான் தெரியும். கரீமுல்லாவுக்கு அதற்கு மேலும் தெரிந்தது.

"இது மெல்லிசு ஊசி," என்றார். "என் மெஷின்ல இது ஏறாது. உன்துடா."

ஷஃபியுல்லா தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். சொன்ன வேகத்திலேயே பொய் தெரிந்தது. கரீமுல்லா அவனை விட்டுவிட்டு ஷகீலா பக்கம் திரும்பினார். தினமும் கடையைப் பெருக்குகிறவள் அவள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு பெருக்குகிறாள், புருஷன் போட்டதைப் பார்த்தும் பாராமல் விட்டாளா என்று கேட்டார். ஹாஜிரா பீயும் சேர்ந்துகொண்டாள். ஷகீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து ஹாஜிரா பீக்கு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"பெருக்குறவ கண்ணுக்குத் தெரியலன்றீங்களே பாபி. குத்துன காலு ஆருது? அவருக்கே தெரியலயே."

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு இரண்டானது. நோன்புக் கஞ்சி இரண்டு பானையில் கொதித்தது.

மறுநாள் காலை ஷஃபியுல்லா மட்டும் பிளேட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனான். கரீமுல்லா வர மறுத்துவிட்டார். ஊசி இருப்பது தெரிந்தாகிவிட்டது, எடுக்க வேண்டியதுதானே, இதற்கு டாக்டர் வேறு எதற்கு என்பது அவர் கேள்வி. டாக்டர் பிலிமை ஜன்னலில் பிடித்து, ஊசியை ஒரு நொடி பார்த்தார். இது நாற்பது வருஷம் உள்ளே கிடந்தாலும் கிடக்கும் என்று சொல்லி, விரலை நகர்த்தி அதற்குப் பக்கத்தில் வைத்தார். விரலும் பாதமும் சேரும் மூட்டு. மற்ற எலும்புகளுக்கெல்லாம் ஓரம் கத்தரித்தாற்போலச் சுத்தமாக இருந்தது. இதற்கு மட்டும் ஓரம் இல்லை. பூச்சி அரித்த கம்பளி மாதிரிப் பிய்ந்து பிய்ந்து இருந்தது. ஊசி குத்துவதற்கு வெகு நாள் முன்னாலிருந்தே புண் உள்ளே இறங்கி எலும்பைத் தின்றுகொண்டிருக்கிறது, இந்த வாரமே கட்டைவிரலையும் அந்த எலும்பையும் எடுத்துவிட்டால் கால் தங்கும், தள்ளிப்போட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார்.

ஷஃபியுல்லா வீட்டுக்கு ஓடி வந்தான். அந்த நேரம் நான் வாசலில்தான் நின்றேன். அவன் முகத்தில் பயம்தான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

"பாய்ஜான், ஊசி ஒண்ணும் இல்லியாம். எலும்பு அரிச்சிக்கீதாம். கட்டவெரலயும் அதுக்குப் பின்னால கீற எலும்பையும் எடுத்துட்டா காலு தங்குமாம். இந்த வாரமே எடுக்கணும்றாரு."

கரீமுல்லா மெஷினை நிறுத்தவில்லை. ஒரு முழத் தையல் ஓடி முடிந்தது. நூலைக் கடித்துத் துப்பினார்.

"டாக்டரு சொன்னாரா, நீ கேட்டு வாங்கிக்கினு வந்தியா?"

"இன்னா பாய்ஜான் இப்டி கேக்குற?"

"ஊசிய போட்டது நீ. இப்ப வெரல வெட்டுன்றதும் நீ. இன்னிக்கி வெரலு, நாளிக்கி காலு, நாளான்னிக்கி கட. மிதிக்க காலில்லாதவனுக்கு கட இன்னாத்துக்கு, அதான உன் கணக்கு? வாப்பா செத்தப்ப உன்ன தோள்ல தூக்கிக்கினு போனேன்டா. அப்பவே கெணத்துல போட்டிருக்கணும்."

ஷஃபியுல்லா பிலிமை வெட்டு மேஜைமேல் வைத்தான். தன் மெஷினில் போய் உட்கார்ந்தான். ஊசியில் நூல் கோத்தான். ஓர் அறை விட்டிருந்தால்கூட மறுபடி சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். அந்தக் கிணறு என்ற சொல்லைத்தான் தாண்ட முடியவில்லையாம்.

கரீமுல்லா குதிரை வண்டி பிடித்து மாம்பலத்துப் பக்கம் ஒரு ரண வைத்தியரிடம் போனார். நாலு நாள் பற்றுப் போட்டு, புண்ணைப் பழுக்க வைத்து, அந்த மனிதர் இடுக்கியால் ஊசியை இழுத்துவிட்டார். சோற்றுப் பருக்கை அளவு நீளம். வெள்ளைத் துணியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சந்தே வந்து பார்த்தது. ஹாஜிரா பீ ஃபாத்திஹா ஓதச் சொல்லி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். நோன்பு திறந்ததும் கரீமுல்லாவும் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார். புண்ணின் மேல் ஒரு வாரத்தில் தோல் மூடிக்கொண்டது. மேலே மூடியதைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் எட்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கத்தரி வேண்டுமென்றால் உள்ளே பார்த்துக் கூப்பிட்டு, மனைவிமார் மூலம் கேட்டு வாங்கினார்கள். கோட்டு எடுக்க வந்த வக்கீல்களிடம் கரீமுல்லா அந்த பிலிமை ஜன்னலில் பிடித்துக் காட்டினார். "பாரு சார், கூடப் பொறந்தவன் வேலய," என்பார். வக்கீல்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்து, அடடா, ஊசி எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று வியந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கும் ஊசிதான் தெரிந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஷெர்வானி ஓரம் அடித்துக்கொண்டிருப்பான், காது மட்டும் சிவந்திருக்கும்.

டாக்டர் சுப்பராமன் இரண்டு தடவை ஷஃபியுல்லாவைத் தெருவில் நிறுத்தினார். முதல் தடவை குளத்தங்கரையில், குடையும் கையுமாக. அண்ணனை ஏன் இன்னும் அழைத்து வரவில்லை, எலும்பு காத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டார். சொல்கிறேன் சார் என்றான். இரண்டாம் தடவை டிஸ்பென்ஸரி வாசலிலேயே கூப்பிட்டுக் கத்தினார். அப்போதும் சொல்கிறேன் சார் என்றான். சொல்லவில்லை. ஹாஜிரா பீயிடம் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அப்போது இருந்தது கோபம் மட்டும் இல்லை. ஒரு நாள் இந்த மனிதன் வலி தாங்காமல் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், அன்றைக்குப் போகலாம் என்று காத்திருந்தான். வலியே தெரியாத காலை வைத்துக்கொண்டு அப்படி ஒரு காத்திருப்பு.

இருபத்தாறாம் நோன்பு. பெருநாளுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. தைத்து முடித்த துணிகளை மடிக்க ஷகீலா கடைக்குள் வந்தாள். வந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எலி இல்லை. மிதிபலகைமேல் இருந்த பாதம் வீங்கி, வளைவு போய், தட்டையாக, மினுமினுவென்று கறுஞ்சிவப்பாக இருந்தது. அந்தக் காலால் அவர் மிதித்துக்கொண்டிருந்தார். உடம்பு காய்ச்சலில் கொதித்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று வாரமாக அவரோடு பேசாதவள், முக்காட்டைக்கூட மறந்து அவர் கையைப் பிடித்து மெஷினிலிருந்து இழுத்தாள்.

"எந்திரிங்கோ. போதும் தச்சது."

தெருமுனைக்குப் போய் ஜட்கா வண்டி கூப்பிட்டதும் அவள்தான். ஹாஜிரா பீ மூட்டை கட்டினாள். பிலிமையும் அதில் வைத்தாள், ஆஸ்பத்திரியில் கேட்பார்களே என்று.

மறுபடி பிளேட் எடுத்தார்கள். மறுநாள் காலை, சேதி கேட்டு டாக்டர் சுப்பராமன் டிராமில் வந்தார். வார்டு ஜன்னலோரக் கட்டில். ஒரு பக்கம் ஹாஜிரா பீ, ஒரு பக்கம் நான். கால்மாட்டில், சுவரோடு ஒட்டிக்கொண்டு ஷஃபியுல்லா. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று அங்கிருந்த பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நோயாளியும் சொந்தக்காரர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. கரீமுல்லா அதைத் தொடவில்லை. எல்லோரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று முனகிக்கொண்டிருந்தார்.

சுப்பராமன் இரண்டு பிலிமையும் ஜன்னலுக்கு நேரே பிடித்தார். புதியதில் கட்டைவிரல் எலும்பு இருந்த இடத்தில் வெறும் தூள். பாதத்து எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. கரீமுல்லா அதை அதிக நேரம் பார்க்கவில்லை. கையை நீட்டிப் பழையதை வாங்கினார். ஊருக்கெல்லாம் காட்டிய பிலிம். இந்தத் தடவை அவர் கண் ஊசியில் நிற்கவில்லை. அதற்குப் பக்கத்தில், பிய்ந்த ஓரத்தில் நின்றது. அரித்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே முப்பத்தைந்து வருஷம் பிழைத்தவர். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"இது அன்னிக்கி எடுத்ததுதான?" என்றார்.

"அதேதான்யா. அப்ப ஒரு விரலோட போயிருக்கும். உன் தம்பிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்பறம் ரெண்டு தரம் தெருவுல நிறுத்திக் கேட்டேன். சொல்றேன் சொல்றேன்னான்."

டாக்டர் அதைக் கோபத்தில் சொன்னார். சொன்ன பிறகுதான் ஷஃபியுல்லாவின் முகத்தைக் கவனித்தார். பிலிமை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். கரீமுல்லா மூன்று வாரத்துக்குப் பிறகு தம்பியை நேராகப் பார்த்தார்.

"ஒரு தபா சொன்ன. அப்பால ஏன்டா சொல்லல?"

ஷஃபியுல்லா இந்தக் கேள்விக்குப் பல நாளாகப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தான்.

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். மூஞ்சில துப்பியிருப்பேன். அப்பயும் நீ சொல்லியிருக்கணும்."

ஹாஜிரா பீ விசும்ப ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஷஃபியுல்லா சுவரைவிட்டு நகர்ந்து வந்தான். தயார் பண்ணிய பதில் எதுவும் அவனுக்கு உதவவில்லை.

"சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல பாய்ஜான்," என்றான். "காலு அழுவட்டும்னு வுட்டேன்."

கரீமுல்லா எழுந்து அவனை அறைவார் என்று நினைத்தேன். அந்த நிலைமையிலும் அவர் செய்யக்கூடியவர்தான். அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு காகிதத்தை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டார். ஹாஜிரா பீ சொந்தக்காரர் இடத்தில் போடக் கையை நீட்டினாள். அவளுக்குக் கொடுக்கவில்லை. காகிதத்தையும் பேனாவையும் தம்பியின் மார்புக்கு நேரே நீட்டினார்.

"நீ போடு."

ஷஃபியுல்லா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன்னால் முடியாது, பாபியே போடட்டும் என்றான்.

"போடுடா," என்றார் கரீமுல்லா. குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கால நாம ரெண்டு பேருந்தான் எடுக்குறோம்."

அவன் கட்டில் விளிம்பில், அந்தக் காலுக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.